என் முழத்தில் நூறு கெஜம்

எங்கள் ஊர் நடுநிலைப்பள்ளிக்குப் புதிதாக வருகிற அதிகாரிகள் எல்லாரும் ஒரு கேள்வி கேட்பார்கள். "ரோட்டுல எதுக்குங்க ரெண்டு மஞ்சக் கோடு?" பள்ளி வாசலில் இருந்து மேற்கே நடந்தால் முதலில் ஒரு கோடு வரும். அது வெளுத்துக் கிடக்கும். இன்னும் பத்துப் பதினோரு கெஜம் போனால் இரண்டாவது கோடு. அது பளிச்சென்று இருக்கும். தலைமையாசிரியை சிரித்துக்கொண்டே என் பக்கம் கையைக் காட்டிவிடுவார். "அத இவங்கள கேளுங்க சார்."

நானும் சொல்வேன். சொல்லும்போது வெட்கமாகவும் இருக்கும், பெருமையாகவும் இருக்கும். கூட்டிக் கழித்துப் பார்த்தால் பெருமைதான் கொஞ்சம் தூக்கலாக நிற்கும்.

நான் எட்டாம் வகுப்போடு நின்றவள். வெண்ணந்தூர்ப் பக்கம் தறிக்காரக் குடும்பத்தில் வாக்கப்பட்டேன். வீட்டுக்காரர் தறிப்பட்டறைக்குப் போகிறார். நான் வீட்டு வேலை முடித்து, மாரியம்மன் கோயிலுக்குப் பூக் கட்டிக் கொடுக்கிறேன். அது கூலி வேலை இல்லை. கல்யாணமான வருஷம் ஆத்தாளுக்கு வேண்டிக்கொண்டது, இன்று வரை ஒரு நாள் தவறாமல் நடக்கிறது. எனக்கு இரண்டு பெண்கள். பெரியவள் ஏழாவது, சின்னவள் அந்த வருஷம்தான் ஒன்றாவது சேர்ந்தாள்.

பள்ளிக்கூடங்களில் மேலாண்மைக் குழு என்று ஒன்று இருக்க வேண்டும், அதற்குத் தலைவியாகப் படிக்கிற பிள்ளையைப் பெற்ற தாய்தான் வர வேண்டும் என்பது சட்டம். அப்படித்தான் என்னை இழுத்துப் போட்டார்கள். கூட்டத்தில் கை தூக்கியவர்களைப் பார்த்து, "எனக்கு என்ன தெரியும்னு என்னயப் போடறீங்க" என்றேன். பக்கத்து வீட்டுக்காரி, "உனக்கு வாய் இருக்குதுல்ல, அது போதும்" என்றாள். ஊரே சிரித்தது. உறுதிமொழிக் காகிதத்தை எழுத்துக் கூட்டிப் படித்தேன். மனசுக்குள், ஆத்தா, இந்தப் பிள்ளைகள் விஷயத்தில் என் கை கோணாமல் பார்த்துக்கொள் என்று வேண்டிக்கொண்டேன். கை என்று அன்று ஏன் வேண்டினேனோ தெரியவில்லை.

அப்புறம் பள்ளிக்கூடமே எனக்கு இன்னொரு வீடாகிவிட்டது. காலையில் பிள்ளைகளுக்குப் போடுகிற உப்புமாவை முதலில் ஒரு வாய் நான் தின்று பார்ப்பேன். வியாழக்கிழமை மதியம் சத்து மாத்திரை கொடுக்கும்போது பெரிய பெண்கள் நாக்குக்கு அடியில் ஒளித்துக்கொண்டு போய்த் துப்புவார்கள். வாயைத் திறக்கச் சொல்லிப் பார்ப்பேன். "அத்தை, நீங்க போலீசுக்குப் போயிருக்கோணும்" என்று சொல்வார்கள். கண் பரிசோதனைக்கு வந்தவர்கள் கொடுத்த கண்ணாடியை வீட்டில் கழற்றி வைத்துவிட்டு வந்த பிள்ளைகளைத் திருப்பி அனுப்பி எடுத்து வரச் சொல்வேன். அரசாங்கம் ஒரு காகிதத்தில் போடுவது ஒரு பிள்ளையின் வயிற்றுக்கும் கண்ணுக்கும் வந்து சேர வேண்டும் என்றால் நடுவில் ஒருத்தி நின்றாக வேண்டும். அந்த ஒருத்தி நான் என்பதில் எனக்குத் தலை நிமிர்ந்துதான் இருந்தது.

ஆனி மாதக் கடைசியில் ஒரு நாள், கழிப்பறை கூட்டுகிற அக்கா முறத்தோடு என்னிடம் வந்தாள். தண்ணீர் போகாமல் அடைத்துக் கிடந்த குழாயில் இருந்து குத்தி எடுத்ததாம். முறம் நிறையப் பாக்குப் பொட்டலக் காகிதமும் பீடித் துண்டும். "இத நீங்களே பாருங்க. நான் சொன்னா யாரும் நம்பமாட்டாங்க" என்றாள். பெரிய வகுப்புப் பிள்ளைகள் ஒதுங்குகிற இடம் அது. முறத்தோடு அவளைத் தலைமையாசிரியையிடம் கூட்டிப்போனேன்.

பள்ளிக்கூடத்தைச் சுற்றி நூறு கெஜத்துக்குள் பீடி, சிகரெட், புகையிலை எதுவும் விற்கக்கூடாது என்று சட்டம் இருக்கிறது. வாசலில் பலகையும் இருந்தது. மழையில் எழுத்து உதிர்ந்து அதை யாரும் படிப்பதில்லை. தலைமையாசிரியை ஆத்தூர்ப் பக்கத்துக்காரர், கண்டிப்பானவர். "நூறு கெஜம் எங்க முடியுதோ அங்க ரோட்டுலயே மஞ்சக் கோடு போட்டுரலாம். சாயங்காலத்துக்குள்ள போட்டோ எடுத்து அனுப்பணும்" என்றார்.

பெயிண்ட் வந்துவிட்டது. அளக்க டேப் இல்லை. பஞ்சாயத்து ஆபீஸ் டேப் பாதியில் அறுந்து கிடந்தது. பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. குழுவில் இருந்த ஒருவர், "கெஜம்னா என்னங்க கணக்கு?" என்றார். தறிக்காரன் பெண்டாட்டிக்குத் தெரியாதா. "ரெண்டு முழம் ஒரு கெஜமுங்க" என்றேன்.

"அப்ப எரநூறு முழம். தெனமும் முழம் போடற கை இங்கதான் இருக்குது. அளந்துரு அக்கா" என்றார்கள்.

கிணற்றுக் கயிற்றை எடுத்து, பூவுக்கு முழம் போடுகிற மாதிரியே முழங்கையில் இருந்து விரல் நுனி வரை வைத்து வைத்து இருபது முழம் அளந்து முடிச்சுப் போட்டேன். அந்தக் கயிற்றை வாசலில் இருந்து பத்துத் தடவை நீட்டிப் போட்டோம். பத்தாவது தடவை கயிறு போய் நின்ற இடத்தில் கோடு விழுந்தது.

அந்தக் கோட்டுக்கு அந்தப் பக்கம் நாலே கெஜத்தில் என் அண்ணன் கடை.

அண்ணன் என்றால் உடன்பிறந்த அண்ணன், ஒரே அண்ணன். இதே ஊரில்தான் பெட்டிக்கடை. பிஸ்கட், வாழைப்பழம், கடலைமிட்டாய், மேலே ஒரு தட்டில் பீடிக்கட்டும் சிகரெட்டும். பாக்குப் பொட்டலம் விற்கமாட்டார். பள்ளிக்கூடச் சட்டை போட்ட பிள்ளை வந்து கேட்டால் சிகரெட்டும் கொடுக்கமாட்டார். "வூட்டுக்குப் போயி சட்டைய மாத்திக்கிட்டு வந்து கேட்டா எனக்கு எப்படித் தெரியும்" என்று அவரே சொல்லிச் சிரிப்பார்.

கயிறு கடைக்கு முன்னால் நின்றபோது எனக்கு நிம்மதியாக இருந்தது உண்மை. ஏன் என்றால் ஆவணியில் சின்னவளுக்குக் குலதெய்வக் கோயிலில் முடியெடுத்துக் காது குத்த நாள் வைத்திருந்தோம். தாய்மாமன் மடியில்தான் பிள்ளையை உட்கார வைத்துக் குத்த வேண்டும். அவருக்குப் பிள்ளை இல்லை. என் பெண்கள்தான் அவருக்கு எல்லாம். பெரியவளுக்குக் குத்தும்போது அவள் அழுததைவிட அவர்தான் அதிகமாக அழுதார். சின்னவளுக்குக் கம்மல் செய்யக் கொடுத்துவிட்டு, தினமும் ஒரு தடவை, "ஆசாரி முடிச்சுட்டானா" என்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கோட்டுக்குள் விழுந்த கடைகள் இரண்டு. கடைக்காரர்கள் சும்மா இருப்பார்களா? கோயிலுக்குப் பூக்கூடையோடு போகும்போது அவர்களில் ஒருவர் என் காதில் விழுகிற மாதிரிச் சொன்னார்.

"கோட்டுக்குக் கூட ஒறவு மொற தெரியுது. அண்ணங் கடையக் கண்டதும் நின்னுக்குச்சு பாரு."

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. நேராக அவர்கள் இருவரையும் கோயில் முன்னால் கூப்பிட்டேன். உள்ளங்கையில் சூடத்தைக் கொளுத்தி, "ஆத்தா சத்தியமா நான் அளவுல ஓரவஞ்சன பண்ணலீங்க" என்று சொல்லி ஊதி அணைத்தேன். மறுநாளே அவர்கள் தங்கள் கடையில் இருந்து பாக்குப் பொட்டலத்தையும் பீடிக்கட்டுகளையும் எடுத்துவிட்டார்கள். சூடத்துக்கு அவ்வளவு மரியாதை எங்கள் ஊரில்.

ஆடி பிறந்து கொஞ்ச நாளில் காதுகுத்துத் துணி எடுக்கச் சேலம் போனேன். செவ்வாய்ப்பேட்டையில் அந்தச் சந்துக்குள் ஆட்டோவும் மூட்டை தூக்குகிறவர்களும் இடிக்க இடிக்க நடந்து, எங்கள் மாமியார் காலத்தில் இருந்து போகிற துணிக்கடைக்குப் போனேன். முதலில் அண்ணனுக்கு எட்டு முழ வேட்டி. அடுத்து சின்னவளுக்குப் பாவாடைத் துணி நாலு முழம் கேட்டேன். கடைக்காரர் வெட்டிக் கொடுத்தார். நான் பழக்கத்தில் துணியை எடுத்து என் கையால் முழம் போட்டுப் பார்த்தேன். நாலு முழம் போக ஒரு சாண் துணி மீந்தது.

அடுத்தவர் துணி நமக்கு எதற்கு என்று, "அண்ணா, ஒரு சாண் கூட வெட்டிட்டீங்க" என்றேன்.

அவர் சிரித்தார். "கூடவும் இல்ல, குறையவும் இல்லம்மா. சரியா ரெண்டு கெஜம்." பழைய மரக் கெஜக்கோலை எடுத்துத் துணியின் மேல் வைத்துக் காட்டினார். இரண்டு கோல், அச்சாக நின்றது. பிறகு என் கையைப் பார்த்துவிட்டு, "பூக் கட்டற கையா?" என்றார்.

"ஆமாங்க. எப்படிக் கண்டுபுடிச்சீங்க?"

"பூக்கார முழம் எப்பவும் குறைச்சல்தான். அதுல உங்க கை வேற குட்டை. உங்க முழம் வேற, கடை முழம் வேறம்மா."

வேலைக்கு நிற்கிற பெண்கள் சிரித்தார்கள். நானும் சிரிக்க ஆரம்பித்தேன். பாதியில் சிரிப்பு நின்றுபோனது.

நாலு முழத்துக்கு ஒரு சாண். அப்படியானால் இருநூறு முழத்துக்கு? ஐம்பது சாண். ஐம்பது சாண் என்றால் அண்ணன் கடையைத் தாண்டி எங்கேயோ போய்விடும்.

ராசிபுரம் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து வந்தேன். மடியில் வேட்டிப் பை. கண்டக்டர் இரண்டு தடவை கூப்பிட்ட பிறகுதான் டிக்கெட் வாங்கினேன். ஆத்தாள் முன்னால் சத்தியம் செய்த கை இது. நான் வேண்டுமென்று செய்யவில்லை, அது ஆத்தாளுக்குத் தெரியும். ஆனால் தெரிந்த பிறகு சும்மா இருந்தால் அந்தச் சூடம் இப்போதுதான் பொய்யாகும்.

வீட்டுக்காரரிடம் சொன்னேன். "காதுகுத்து முடியட்டும் புள்ள. இன்னம் ஒரு மாசம்தான. அப்புறம் அளந்துக்கலாம்" என்றார். கெட்ட எண்ணத்தில் சொன்னதில்லை. அவருக்கும் மச்சான் மேல் உயிர்.

மறுநாள் காலையில் கோயிலில் உட்கார்ந்து பூவுக்கு முழம் போடும்போது கை ஓடவில்லை. ஒரு மாசம் என்றால் எத்தனை பிள்ளைகள் அந்த நாலு கெஜத்தைத் தாண்டுவார்கள் என்றே நினைப்பு. அந்த முறம் கண்ணிலேயே நின்றது. பூவைச் சாத்திவிட்டு நேராக அண்ணன் கடைக்குப் போனேன். பள்ளிக்கூடத்தில் சொல்லும் முன்னால் அவரிடம் சொல்ல வேண்டும் என்று இருந்தது.

அவர் வாழைத்தாரைக் கொக்கியில் மாட்டிக்கொண்டிருந்தார். "வா அம்முணி. ஆசாரி கம்மல் குடுத்துட்டான். பாக்கறயா?"

"அண்ணா, கோடு தப்புங்க" என்றேன். சேலத்தில் நடந்ததை ஒன்று விடாமல் சொன்னேன்.

அவர் தாரை மாட்டி முடித்துக் கையைத் துடைத்துக்கொண்டார். "உன்ற கை குட்டைன்னு செவ்வாய்ப்பேட்டைக்காரன் சொல்லித்தான் உனக்குத் தெரியோணுமா? அன்னைக்கு நீ கயிறு அளக்கறப்பவே எனக்குத் தெரியும். என்ற கூட வளந்த கை."

"தெரிஞ்சும் சொல்லலீங்களா?"

"நான் எதுக்குச் சொல்லோணும்? அளந்தது நீ. கோடு போட்டது சர்க்காரு. நான் கடைக்குள்ள உக்காந்திருந்தேன்."

"பள்ளிக்கூடத்துல சொல்லிட்டு மறுபடியும் அளக்கச் சொல்லப் போறனுங்க."

அவர் முகம் மாறியது. கடையில் பாதி ஓட்டமே அந்த மேல் தட்டில்தான். வாழைப்பழம் வாங்க வருகிறவனும் பீடிக்காகத்தான் இந்தக் கடைக்கு வருவான். எனக்கு அது தெரியாமல் இல்லை.

"சொல்லு. நல்லாச் சொல்லு" என்றார். "பொறவு காதுகுத்துக்கு வேற மடி பாத்துக்கோ."

உள்ளே இருந்து நங்கை, அதாவது அண்ணன் மனைவி, "என்ன பேச்சு பேசறீங்க" என்று வெளியே வந்தாள். அவர் திரும்பிப் பார்க்கவில்லை. வழியெல்லாம் கண்ணைத் துடைத்துக்கொண்டே பள்ளிக்கூடத்துக்குப் போனேன்.

அந்த வாரக் குழுக் கூட்டத்தில் எழுந்து நின்று சொன்னேன். என் முழம் குறைச்சல், நான் போட்ட கோடு தப்பு, அளவைச் சரிபார்க்காமல் சூடம் அணைத்தது என் தப்பு என்று. அந்த இரண்டு கடைக்காரர்களையும் வரச் சொல்லியிருந்தேன். "ஒறவு மொற பாத்து அளக்கலீங்க. ஆனா நீங்க சொன்னதுதான் கடைசியில சரியாப் போச்சு. மன்னிச்சுருங்க" என்றேன். குத்திப் பேசியவர் தலையைச் சொறிந்துகொண்டு, "உடுங்கக்கா, நாங்களும் ஒரு வார்த்தை கூடத்தான் பேசிட்டோம்" என்றார்.

ஒரு கொத்தனார் இரும்பு டேப் கொண்டுவந்தார். தலைமையாசிரியை நூறு கெஜத்தை மீட்டராகக் கணக்குப் போட்டுக் கரும்பலகையில் எழுதினார். பெரிய வகுப்புப் பிள்ளைகள் திண்டு மேல் ஏறி நின்று பார்த்தார்கள். டேப்பின் ஒரு முனையை வாசலில் நான்தான் பிடித்தேன். இன்னொரு முனை அண்ணன் கடையைத் தாண்டி ஏழு கெஜம் தள்ளிப் போய் நின்றது. அங்கே புதுக்கோடு விழுந்தது. அண்ணன் கடையில் பாதிக் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே உட்கார்ந்திருந்தார்.

"பழைய கோட்ட அழிச்சுடலாமா?" என்றார் தலைமையாசிரியை.

"வேண்டாங்க டீச்சர். கெடக்கட்டும்" என்றேன்.

அன்று சாயங்காலமே மேல் தட்டு காலியாகிவிட்டது. யாரும் கேட்கப் போகவில்லை. அவராக எடுத்தார். ஆனால் என்னோடு பேசவில்லை. கடை வழியாக நான் போனால் உள்ளே திரும்பிக்கொள்வார். சின்னவள் மட்டும் தினமும் பள்ளிக்கூடம் விட்டதும் மாமன் கடைக்கு ஓடிக் கடலைமிட்டாயோடு வருவாள். "மாமா என்னடி சொன்னாரு?" என்று கேட்பேன். "ஒன்னுஞ் சொல்லல. உங்கம்மா கிட்ட சொல்லாதேன்னு சொன்னாரு" என்பாள். ஆடி முழுக்க இப்படியே போனது.

ஆவணியில் அந்த நாள் வந்தது. குலதெய்வக் கோயிலில் பொங்கல் வைத்து, பிள்ளைக்கு முடியெடுத்து, சந்தனம் பூசிப் பாவாடை கட்டியாகிவிட்டது. ஆசாரி ஊசியோடு உட்கார்ந்துவிட்டார். நல்ல நேரம் ஓடிக்கொண்டிருக்கிறது. வழியைப் பார்த்துப் பார்த்துக் கண் பூத்துப்போனது. சொந்தக்காரர் ஒருவர், "உங்க பெரியம்மா பையன் நிக்கறானே. அவன் மடியும் மாமன் மடிதான" என்றார். அவர் சொன்னதில் தப்பில்லை.

"இன்னங் கொஞ்ச நேரம் பாக்கலாமுங்க" என்றேன். சாமியைப் பார்த்து ஒன்றும் வேண்டவில்லை. வேண்டுவதற்கு வாய் வரவில்லை. சும்மா நின்றேன்.

மொபெட் சத்தம் கேட்டதும் சின்னவள்தான் முதலில் ஓடினாள். அண்ணன் முன்னால், பின்னால் தாம்பாளத்தை மடியில் வைத்துக்கொண்டு நங்கை. இறங்கியவர் யாரையும் பார்க்காமல் கை கால் கழுவி, சாமி கும்பிட்டு, வந்து சப்பணம் போட்டு உட்கார்ந்தார்.

மாமனுக்கு முதலில் வேட்டி கொடுக்க வேண்டும். தட்டில் வைத்து நீட்டினேன். அவர் வேட்டியை எடுத்துப் புரட்டிப் பார்த்தார்.

"எட்டு முழமா?"

"ஆமாங்ண்ணா."

"கடைக்காரன் முழமா, உன்ற முழமா? உன்ற முழமா இருந்தா எனக்கு இடுப்பு சுத்தி வராது."

ஆசாரிதான் முதலில் சிரித்தார். அவருக்கும் விஷயம் தெரிந்திருக்கிறது. அதற்குப் பிறகு அங்கே சிரிக்காத ஆள் இல்லை. நான் சிரித்தேனா அழுதேனா என்று எனக்கே தெரியவில்லை. அண்ணன் மடியைத் தட்டி, "வா சாமி" என்று பிள்ளையைக் கூப்பிட்டார். ஊசி ஏறும்போது பிள்ளை ஒரு சத்தம் போட்டாள். மாமன் கண்ணில் தண்ணீர் நிற்கவில்லை. அவர் துண்டால் துடைத்துக்கொண்டு, "பொகை பட்டுருச்சு" என்றார். பொங்கல் அடுப்பு எப்போதோ அணைந்து போயிருந்தது.

சாப்பிடும்போது பக்கத்தில் உட்கார்ந்து, "ஏங்ண்ணா அத்தன நேரம்?" என்று கேட்டேன்.

"பங்ச்சர்" என்றார். நங்கை இலையைப் பார்த்துக்கொண்டே, "ஆமா, பங்ச்சர்" என்றாள். அதற்கு மேல் நான் கேட்கவில்லை.

இப்போது அவர் கடையில் மேல் தட்டில் நோட்டுப் புத்தகமும் பென்சிலும் வைத்திருக்கிறார். முன்னைப் போல ஓட்டம் இல்லை என்று சொல்வார். சொல்லும்போது என்னைப் பார்த்து முறைப்பார். ஆனால் பீடி கேட்டு வருகிற வெளியூர்க்காரனிடம், "அந்தக் கோட்டத் தாண்டிப் போயி எங்கயாச்சும் வாங்கிக்க. இது என்ற தங்கச்சி அளந்த எடம்" என்று கை நீட்டிச் சொல்வதை நானே ஒரு நாள் என் காதால் கேட்டேன். பள்ளிக்கூடக் குழாய் அதற்கு அப்புறம் அந்த மாதிரி அடைக்கவில்லை. கூட்டுகிற அக்கா என்னைப் பார்த்தால் வெறும் முறத்தைத் தூக்கிக் காட்டிவிட்டுப் போவாள். எனக்கு அதைவிடப் பெரிய மரியாதை வேண்டியதில்லை.

பூக் கட்டுவது தினமும் நடக்கிறது. முழம் போடும்போது கோயிலுக்கு வருகிறவர்கள் கேலி செய்வார்கள். "ஏனுங்க, ஆத்தாளுக்கு எந்த முழம் போடறீங்க?"

"ஆத்தாளுக்கு என்ற முழம்தானுங்க. அவ ஒரு நாளும் கொறைன்னு சொன்னதில்ல" என்பேன். "பள்ளிக்கூடத்துக்குத்தான் கடைக்காரன் முழம்."